கணினி நிலைகுலைதல்: காரணங் காணும் முறை

மாணாக்கர் ஒருவர் புதிதாய் வாங்கிய விளையாட்டுக் கணினி, ஆட்டம் உச்சமடையுந்தோறும் திரை இருண்டு தானே மீளத் தொடங்கிற்று. வாவிக்காற்றின் உப்பே காரணமென்றனர் சிலர். பத்தே நாளிலா? யாம் ஐயுற்றோம்.

விண்டோஸ் நிகழ்வுப் பதிவேட்டில் 41 என்னும் எண்ணே திரும்பத் திரும்பக் காணப்பட்டது. அவ்வெண், கணினி முறைப்படி அணைக்கப்படாது நின்றமையைச் சொல்லுமேயன்றிக் காரணஞ் சொல்லாது. அறிகுறியையே காரணமென மயங்கி மின்வழங்கியை மாற்றிப் பணம் இழப்போர் உளர். அம்மாணாக்கரின் தந்தையாரும் இழந்தார்.

யாம் ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றினோம். வெப்பம் மிகவில்லை. நினைவகத்தைப் பொது வேகத்துக்கு மேல் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. அமைப்பு கடையிலேயே இடப்பட்டிருந்தது. அதனை நீக்கினோம், இரு வாரம் ஆடியும் நிற்கவில்லை. மீண்டும் இட்டோம், அன்று மாலையே நின்றது. இம்மறுசோதனை இல்லையேல் முதற்சோதனை ஊகமே.

நினைவகம் குற்றமற்றதாயின் செயலியை ஐயுறல் வேண்டும். தன் 13, 14 ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளிற் சில, நுண்கட்டளைப் பிழையால் மிகை மின்னழுத்தம் பெற்று நிலைகுலைவதை 2024 யூலையில் இன்டெல் நிறுவனம் அறிவித்தது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது. முன்னரே பழுதுற்ற செயலியை அத்திருத்தம் மீட்காது. மாற்றிப் பெறுதலே வழி. பெட்டியில் விற்கப்பட்டவற்றுக்கு உத்தரவாதம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீட்டப்பட்டமையின், பற்றுச்சீட்டைப் பேணி வைத்தல் வேண்டும்.