மனை வாங்கப் போறீங்களா? முதல்ல விளையாட்டுத் திடலைப் பாருங்க



இந்த மாதப் பாடம் சேமிப்பு, உள்கடன், வட்டி பற்றியது அல்ல. ஆனாலும் பணம் சம்பந்தப்பட்டதுதான். கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டிக்குப் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள். கரும்பு நின்ற கொல்லையில் கல் நட்டு, கலர் கொடி கட்டி, வளைவு வைத்திருப்பார்கள். மாதத் தவணையில் மனை தருகிறோம் என்று நம் குழுக் கூட்டங்களுக்கே ஆள் வருகிறார்கள். கையில் வழவழப்பான ஒரு நோட்டீஸ். அதில் சறுக்கு மரம், ஊஞ்சல், சிரித்துக்கொண்டு ஓடும் குழந்தைகள். “சிறுவர் விளையாட்டுப் பூங்கா உண்டு” என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். நம் அக்காமார்கள் விலையைக் கேட்பார்கள், தண்ணீர் உப்பா என்று கேட்பார்கள், பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். அந்தப் பூங்கா எந்த இடத்தில் வருகிறது, யார் பேரில் இருக்கிறது என்று கேட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்தப் பாடம் அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

பூங்கா படத்தை ஏன் போடுகிறார்கள்?

காரணம் இல்லாமல் போடமாட்டார்கள். பட்டணத்தில் வீடு வாங்குகிறவர்கள் இதைக் கேட்கிறார்கள். சென்னையில் தி.நகர் 1920களில் உருவானபோதே நடுவில் பனகல் பூங்காவுக்கு இடம் விட்டுத்தான் தெருக்களைப் போட்டார்கள். அண்ணா நகர் என்றால் 1968 உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரமும் அதைச் சுற்றியுள்ள பூங்காவும்தான் இன்றைக்கும் அடையாளம். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் பத்து மாடி, இருபது மாடி என்று கட்டும் கம்பெனிகளின் விளம்பரத்திலும் குழந்தைகள் விளையாடும் இடம் கட்டாயம் இருக்கும். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில், ஸ்கூல் விட்டு வந்த பிள்ளை ரோட்டில் விளையாட முடியாது. அதனால் கூடக் காசு கொடுத்தாவது திடல் உள்ள இடத்தில் வாங்குகிறார்கள்.

நம்ம ஊர்க்காரர்கள் பலர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். அங்கே அரசு வீட்டு வசதிக் கழகமே அடுக்குமாடிகளுக்குக் கீழே விளையாட்டுத் திடல் கட்டியது. தோ பாயோ என்ற இடத்தில் 1979இல் கட்டிய டிராகன் வடிவச் சறுக்குத் திடலை இன்னமும் இடிக்காமல் பாதுகாக்கிறார்கள். நியூயார்க்கில் 1850களின் கடைசியில் சென்ட்ரல் பார்க் வேலை தொடங்கியது. பூங்காவைச் சுற்றியிருந்த வார்டுகளில் நில மதிப்பும் வரி வருமானமும் எப்படி ஏறின என்று, அதை வடிவமைத்த ஓம்ஸ்டெட் பின்னாளில் கணக்கு எழுதியே காட்டினார். ஆக, திடல் இருந்தால் நிலத்துக்கு மதிப்பு என்பது ரியல் எஸ்டேட்காரர்களுக்கு ரொம்ப நாளாகவே தெரிந்த விஷயம்.

இதில் ஒரு நெளிவும் உண்டு. அமைதியான பூங்காவுக்கு எதிர்வீடு என்றால் விலை கூடும். எந்நேரமும் பந்து விளையாடும் மைதானத்தை ஒட்டிய வீடு என்றால் சிலர் யோசிப்பார்கள். கண்ணாடி உடையும், கூச்சல் இருக்கும். வெளிநாட்டு ஆய்வுகளும் இதையேதான் சொல்கின்றன. ஒரு தெரு தள்ளி வாங்கினால் திடலும் கிடைக்கும், சத்தமும் குறையும். “பார்க் ஃபேசிங்” என்று சொல்லி சதுர அடிக்குக் கூட நூறு ரூபாய் கேட்டால் இதை நினைவில் வையுங்கள்.

“சும்மா தர்றோம்” என்பது உண்மையா?

ஏஜென்ட் சொல்வார்: “பூங்கா எங்க கம்பெனி உங்களுக்கு இலவசமா தர்றது மேடம்.” இதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் 2019 என்று ஒன்று இருக்கிறது. அதன்படி மனைப் பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், அதாவது ஏறக்குறைய 2 ஏக்கர் 47 சென்டுக்கு மேல் இருந்தால், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். பதிலுக்குப் பணம் கட்டித் தப்பிக்க முடியாது. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலமாகக் கொடுக்கலாம், இல்லையென்றால் அதன் மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 3,000 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 74 சென்ட் வரை, ஒதுக்க வேண்டியதில்லை. இதைத்தான் ஆபீசில் ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள்.

இப்போது 5 ஏக்கர் கொல்லையைப் பிரிக்கிறார்கள் என்று வைப்போம். சாலைக்கு ஒன்றேகால் ஏக்கர் போனால் மீதி 3 ஏக்கர் 75 சென்ட். அதில் பத்தில் ஒரு பங்கு 37½ சென்ட். சதுர அடியில் 16,335. மற்ற சின்னச் சின்ன ஒதுக்கீடுகளை விட்டுவிட்டால், விற்பதற்கு 337½ சென்ட் இருக்கும். 1,200 சதுர அடி வீதம் பிரித்தால் 122 மனை. பூங்கா நிலத்தை 122 வீட்டுக்கும் பங்கு போட்டால் வீட்டுக்கு 134 சதுர அடி வருகிறது. சதுர அடி 700 ரூபாய்க்கு விற்கிறார் என்றால் உங்கள் பங்கு சுமார் 94 ஆயிரம் ரூபாய்!

அந்த 37½ சென்டையும் அவர் விவசாயியிடம் காசு கொடுத்துத்தான் வாங்கியிருப்பார். அந்தக் காசை மற்ற மனைகளின் விலையில் ஏற்றித்தான் எடுப்பார். இதில் இலவசம் எங்கே இருக்கிறது? அந்த ஊஞ்சலுக்கு நீங்கள் தவணை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் அந்தப் பக்கத்து ஆசையும் புரியும். 16,335 சதுர அடியை மனையாக விற்றால் 13 மனை போகும், 1 கோடியே 14 லட்சம் ரூபாய் வரும். அதனால்தான் சில இடங்களில் வரைபடத்தில் பூங்கா என்று பச்சை அடித்த இடத்தில் சில வருஷம் கழித்து வீடு முளைக்கிறது. அல்லது மூலையில் மழைத் தண்ணீர் நிற்கும் பள்ளத்தைப் பூங்கா என்று காட்டிவிடுவார்கள். கெடிலம் ஆற்றங்கரை ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் எங்கே வந்து நிற்கும் என்று தெரியாதா? மனையைப் பார்க்கக் கார்த்திகை மாத மழையில் ஒருமுறை போய் வாருங்கள். கார் அனுப்புகிறோம் என்று சித்திரை வெயிலில்தான் கூப்பிடுவார்கள்.

எதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது?

முதலில் நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல் அளித்த வரைபடம். நோட்டீஸில் உள்ள கலர் படம் அல்ல, ஒப்புதல் எண்ணும் முத்திரையும் உள்ள நகல். “பஞ்சாயத்து அப்ரூவல்” என்று முன்பெல்லாம் சொல்லி நிறைய விற்றார்கள். மனைப் பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குத் தனியாகக் கிடையாது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டபோது எத்தனை குடும்பங்கள் தவித்தன என்பது உங்களுக்கே தெரியும். பிறகு 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. காசு கட்டி வரன்முறை செய்தால் மனைக்கு அங்கீகாரம் வரும். ஆனால் இல்லாத திடல் அதனால் வந்துவிடாது. பழைய மனையை மறுவிற்பனையில் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, தானப் பத்திரம். அதன் எண்ணையும் வருஷத்தையும் கேளுங்கள். தயங்கினால் சந்தேகப்படலாம். பூங்கா நிலத்தின் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் நகராட்சி அல்லது ஊராட்சி பேருக்கு எழுதிக் கொடுத்தது தெரியும். பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். கல்லூரியில் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் பத்து நிமிட வேலை. அதோடு பட்டாவும் உள்ளாட்சி பேருக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பத்திரம் எழுதிக் கொடுத்தும் பட்டா பழைய பேரிலேயே இருந்தால் பின்னால் வம்பு வர அதுவே வாசல்.

மூன்றாவது, 2016ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவு என்றால் ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், விளம்பரத்தில் அந்தப் பதிவு எண்ணைப் போட வேண்டும். பூங்காவும் விளையாடும் இடமும் பொதுப் பகுதி என்று அந்தச் சட்டமே சொல்கிறது. விளம்பரத்தில் பொய் சொல்லி, அதை நம்பிப் பணம் கட்டியவர் நஷ்டப்பட்டால் ஈடு கேட்கலாம். அதனால் நோட்டீஸைக் கிழித்து அடுப்பில் போடாதீர்கள். பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

இடையில் ஒரு நல்ல செய்தி. 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பேரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தவணை கட்டுவது நாம், பத்திரம் மட்டும் வேறு பேரிலா என்று வீட்டில் பேச இது ஒரு நல்ல சாக்கு!

நல்ல காரியத்துக்காகத் திடலை எடுத்தால்?

இது கொஞ்சம் கசப்பான பகுதி. திடல் போவது எப்போதும் ஆக்கிரமிப்பாளரால் மட்டும் அல்ல. “சும்மாதானே கிடக்குது” என்று தண்ணீர்த் தொட்டி வரும், ரேஷன் கடை வரும், ஒரு ஓரத்தில் சின்னக் கோயில் வரும். நம் கூட்டமைப்புக் கூட்டங்களிலேயே, “அந்தப் பார்க் இடத்துல மகளிர் குழுவுக்கு ஒரு கட்டடம் கேட்டு மனு கொடுக்கலாமே” என்று பேச்சு வந்திருக்கிறது. கட்டடம் நமக்குத் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் வேண்டாம் என்பது என் கருத்து.

பெங்களூரு சதாசிவ நகரில் ஒரு பூங்கா நிலத்தை, முதலமைச்சரின் உத்தரவின்பேரில், தனியார் மருத்துவமனை கட்ட ஒரு அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். ஆஸ்பத்திரியும் மக்களுக்கு நல்லதுதானே என்பது எதிர்வாதம். உச்ச நீதிமன்றம் 1991இல் குடியிருப்பவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆஸ்பத்திரி நல்லதாக இருக்கலாம், ஆனால் அது பூங்கா ஆகாது, பூங்காவுக்கு விட்ட இடத்தை மேலே இருப்பவர் நினைத்தபடி மாற்ற முடியாது என்பதே அதன் சாரம். தமிழ்நாட்டில் திறந்தவெளி நிலத்தைத் தானமாக வாங்கும் விதியே செல்லாது என்று சென்னை அடுக்குமாடி உரிமையாளர் சங்கம் ஒன்று உள்ளிட்டவர்கள் போன வழக்கிலும், விதி செல்லும் என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பூங்கா, விளையாட்டுத் திடல்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் தமிழ்நாட்டில் 1959லேயே வந்தது. சட்டத்துக்குக் குறைவில்லை. கேட்கத்தான் ஆள் இல்லை.

பெண் பிள்ளை எங்கே விளையாடும்?

திடல் இருந்தும் நம் பெண் பிள்ளைகளுக்கு உதவாமல் போவதும் நடக்கிறது. மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். நடுவில் பெரிய பையன்கள் கிரிக்கெட். ஓரத்தில் மோட்டார் சைக்கிள். பத்து வயசு தாண்டிய பெண் பிள்ளை ஒன்றைக் கூடக் காணோம். “வயசுக்கு வந்த பொண்ணு, அனுப்ப முடியுமா?” என்று அம்மாவும் சொல்வார்கள். பாண்டியும் கோகோவும் கபடியும் ஆடின பிள்ளை வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிடும்.

இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. ஐரோப்பாவில் வியன்னா நகரத்தில் 1990களில் பார்த்தபோது, ஒன்பது பத்து வயசுக்கு மேல் பெண் பிள்ளைகள் பூங்காவுக்கு வருவது குறைந்தது தெரிந்தது. ஒரே பெரிய மைதானம் என்றால் பலசாலிப் பையன்கள் பிடித்துக்கொள்கிறார்கள். அதனால் சில பூங்காக்களில் இடத்தைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்தார்கள், வாலிபால், பூப்பந்துக்குத் தனி இடம் விட்டார்கள், நடைபாதை போட்டார்கள். பெண் பிள்ளைகள் திரும்ப வந்தார்கள். இதற்குப் பெரிய செலவு கிடையாது. நம் திடலிலும் ஒரு பக்கம் கோகோ கம்பம், ஒரு விளக்கு, பெரியவர்கள் உட்கார ஒரு திண்ணை இருந்தால் அம்மாமார்கள் காய் நறுக்கிக்கொண்டே அங்கே உட்காரலாம். பெண்கள் உட்காரும் இடத்தில் குடிக்கிற கூட்டம் தானாக விலகும்.

ஏற்கனவே குடியிருக்கிறவர்கள் செய்ய வேண்டியது

உங்கள் நகரில் பூங்கா என்று விட்ட இடம் எது என்று தெரியாவிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். நெல்லிக்குப்பம் என்றால் நகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு, கிராமம் என்றால் ஊராட்சிக்கு. மூன்று விஷயம் கேளுங்கள்: இந்த மனைப் பிரிவில் ஒதுக்கிய பூங்கா நிலத்தின் சர்வே எண்ணும் அளவும், தானப் பத்திரத்தின் நகல், இப்போது அந்த இடம் எந்தப் பயன்பாட்டில் இருக்கிறது என்ற விவரம். 30 நாளில் பதில் தர வேண்டும். “ஏன் பூங்கா கட்டவில்லை?” என்று கேள்வி வடிவில் கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்.

பதில் வந்ததும் அளவு சரியாக இருக்கிறதா என்று சர்வேயரை வைத்து அளக்க மனு கொடுக்கலாம். நகராட்சியில் பகுதி சபை, கிராமத்தில் கிராம சபை. கிராம சபை வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாயால் சொல்லிவிட்டு வராமல், வேலி போட வேண்டும், “இது பூங்கா நிலம்” என்று போர்டு வைக்க வேண்டும் என்று தீர்மானமாக எழுதச் சொல்லி, எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். ஒரு குழு மட்டும் போனால் அலைக்கழிப்பார்கள். அந்த நகரில் உள்ள நாலு குழுவும் சேர்ந்து போங்கள்.

அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது, மனை வாங்கியவர்களும் வாங்க முன்பணம் கட்டியவர்களும் வரைபட நகலையும் அந்தக் கலர் நோட்டீஸையும் கொண்டு வாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, பச்சை அடித்த இடம் ஒன்றாக இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்ப்போம். அடிக்கோல் ஒன்றும் மறக்காமல் வேண்டும்.