பசும்பால் இல்லாமல் பானை பொங்குமா?

*கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் ஒரு வருடமாக வீகன். பால், தயிர், நெய், தேன் எதையும் தொடுவதில்லை. பொங்கலுக்கு வருகிறாள். "எனக்காக எதையும் மாத்தாதீங்கம்மா, நான் கரும்பைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்கிறாள். கேட்கவே சங்கடமாக இருக்கிறது. என் மாமியாரோ, "பால் பொங்காம அது என்ன பொங்கல்?" என்று பிடிவாதமாக நிற்கிறார். சர்க்கரைப் பொங்கலையாவது அவள் சாப்பிடும்படி செய்ய வழி உண்டா?*
— வாசகி, மயிலாடுதுறை

பதில்: உங்கள் மாமியாரிடமே ஒன்று கேளுங்கள். அவர் சிறுமியாக இருந்தபோது பொங்கல் பானையில் கழுத்துவரை நின்றது என்ன? பல வீடுகளில் அது அரிசி களைந்த தண்ணீர்தான். பால் ஒரு கரண்டி, சாத்திரத்துக்கு. பால் பொங்குவதற்குக் காரணம், அதிலுள்ள புரதமும் கொழுப்பும் மேலே ஆடையாகப் படிந்து, அடியிலிருந்து வரும் ஆவியை வெளியே விடாமல் பிடித்துக்கொள்வது. களைந்த நீரில் அதே வேலையை அரிசியின் கஞ்சிப்பசை செய்துவிடும். சோற்று உலை பொங்கி வழிந்து அடுப்பைப் பாழாக்கியதே இல்லை என்று சொல்லும் வீடு உண்டா? தேங்காய்ப்பாலும் நன்றாகவே நுரைத்துப் பொங்கும்.

முதல் களைநீரைக் கொட்டிவிடுங்கள். அதில் தூசி இருக்கும். இரண்டாவது, மூன்றாவது களைநீரை எடுத்து வைத்து, அதோடு தேங்காயின் மூன்றாம் பாலைச் சேர்த்துப் பானையின் கழுத்துவரை ஊற்றுங்கள். தீ நன்றாக எரியட்டும். வெள்ளையாக நுரைத்து வழியும்போது "பொங்கலோ பொங்கல்" சொல்லுங்கள். பானைக்குள் எந்தப் பால் என்று சூரியன் விசாரிக்கப்போவதில்லை.

இனி பொங்கல். பச்சரிசி ஒரு கப், பாசிப்பருப்பு கால் கப், வெல்லம் ஒன்றரை முதல் இரண்டு கப், பெரிய தேங்காய் ஒன்று. பருப்பை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுங்கள். தேங்காயில் கெட்டியான முதல் பால் ஒரு கப் எடுத்துத் தனியே வையுங்கள். பொங்கி வழிந்த பானையிலிருந்து கொஞ்சம் நீரை முகந்து வைத்துக்கொண்டு, அரிசியும் பருப்பும் போட்டு, இரண்டாம் பாலை ஊற்றிக் குழைய வேகவிடுங்கள். முகந்த நீர் இடையிடையே ஊற்ற உதவும். அரிசி விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். அதற்கு முன் வெல்லத்தைப் போட்டால் அரிசி அதற்கு மேல் வேகாது, விறைத்து நிற்கும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றி, பச்சை வாடை போகக் கிளறுங்கள். முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, ஓரத்தில் ஒரு குமிழி எழும்போதே இறக்கிவிட வேண்டும். கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரியும். ஏலம், ஒரு சிட்டிகை சுக்கு, துளி உப்பு, கடுகளவு பச்சைக் கற்பூரம்.

நெய் வாசனைக்கு என்ன செய்வது என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள். அந்த வாசனையைத் துரத்தாதீர்கள் என்பதே என் யோசனை. சந்தையில் நெய் எசன்ஸ் கிடைக்கிறது. ஒருமுறை வாங்கிப் போட்டேன், பாயசம் முழுக்க மருந்து வாடை. அதற்குப் பதிலாகத் தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி, தேங்காய் எண்ணெயில் முந்திரியோடு செக்கச்செவேல் என்று வறுத்துக் கொட்டுங்கள். நாகர்கோவில் பக்கம் பிரதமனுக்கு வாசம் கொடுப்பது இந்தத் தேங்காய்க் கீற்றுதான். நெய் கேட்பவர்களுக்கு ஒரு கிண்ணத்தில் உருக்கித் தனியே வையுங்கள். மாமியார் தன் இலையில் ஊற்றிக்கொள்ளட்டும்.

வெண்பொங்கலில் இவ்வளவு நம்பிக்கை தர மாட்டேன். நெய்யும் மிளகும் சேர்ந்தால்தான் அது வெண்பொங்கல். நல்லெண்ணெயில் தாளித்தால் சாப்பிடலாம், குற்றமில்லை. ஆனால் பண்டிகை நாளில் அதைச் செய்து "பரவாயில்லையே" என்று சொல்ல வைப்பதைவிட, சர்க்கரைப் பொங்கலை இன்னொரு கரண்டி வையுங்கள்.

*கேள்வி: யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்ப டொரன்டோவில் இருக்கிறன். போன இதழில் பொங்கலுக்குத் தேங்காய்ப்பாலை "மாற்று" எண்டு எழுதியிருந்தீங்கள். எங்கட வீட்டில எப்பவும் தேங்காய்ப்பால்தான். அது எதுக்கு மாற்று? மற்றது, இஞ்ச ரின்னில் வாற பாலை எப்பிடிப் பாவிக்கிறது?*

பதில்: சரியான இடத்தில் குட்டியிருக்கிறீர்கள். வறுத்த பயறும் சர்க்கரையும் கஜுவும் போட்டுத் தேங்காய்ப்பாலில் பொங்குவது உங்கள் ஊர் முறை. அதை நான் தஞ்சாவூர் கண்ணால் பார்த்து "மாற்று" என்று எழுதியது பிழைதான். (இந்தியாவில் இருப்பவர்களுக்கு: யாழ்ப்பாணத்தில் "சர்க்கரை" என்றால் வெல்லம். வெள்ளைச் சீனியைப் போட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.) ஆடிப்பிறப்புக்கு நீங்கள் காய்ச்சும் கூழையும் பாருங்கள்: அரிசிமா, பயறு, தேங்காய்ச் சொட்டு, பனங்கட்டி, தேங்காய்ப்பால். பசுவுக்கு அதில் வேலையே இல்லை. வீகன் சமையலுக்குப் புதுப் புத்தகம் தேடுகிறவர்கள் முதலில் பக்கத்து ஊர் அடுப்பை எட்டிப் பார்க்கலாம்.

தகரப் பாலில் கட்டியாகாமல் இருக்கக் கோந்துப் பொருள் சேர்த்திருப்பார்கள். அதனால் வீட்டில் பிழிந்த பாலைவிடக் கொஞ்சம் கொதிப்பைத் தாங்கும். ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டால் இரண்டாம் பால். கலக்காத பால் முதல் பால். "லைட்" என்று எழுதியிருப்பதை வாங்காதீர்கள். தண்ணீருக்குக் காசு கொடுப்பானேன்?

*கேள்வி: தீபாவளி முறுக்குக்கு வெண்ணெய் போடாவிட்டால் கல்லாகிவிடுகிறது. என்ன போடலாம்?*
— வாசகி, திண்டுக்கல்

பதில்: வெண்ணெயில் சுமார் 80 சதவீதம்தான் கொழுப்பு, மீதி பெரும்பாலும் தண்ணீர். எண்ணெய் முழுக்கக் கொழுப்பு. ஆகவே 50 கிராம் வெண்ணெய்க்கு 40 கிராம் எண்ணெய், அதாவது மூன்று மேசைக்கரண்டி போதும். அதே அளவு ஊற்றினால் முறுக்கு வாணலியில் பிரிந்து கரையும். எண்ணெயை நன்றாகக் காய்ச்சி, உலர்ந்த மாவின் மேல் ஊற்றி, கரண்டியால் கிளறி, சூடு தணிந்ததும் விரல்களால் தேய்த்துவிடுங்கள். பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். அதன் பிறகே தண்ணீர்.

இன்னொரு வழி, வெண்ணெயை மறந்துவிட்டுத் தேங்காய்ப்பால் முறுக்கு சுடுவது. வெதுவெதுப்பான முதல் பாலில் மாவைப் பிசையுங்கள். சீக்கிரம் சிவந்துவிடும், தீ நடுவில் இருக்கட்டும்.

*கேள்வி: மைசூர்பாகுக்கு நெய்க்குப் பதிலாக வனஸ்பதி போடலாமா? அதுவும் தாவரக் கொழுப்புதானே?*
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தாவரக் கொழுப்புதான். வீகன் கணக்கில் அது பாஸ். 2022 ஜனவரியிலிருந்து இத்தகைய கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் கட்டுப்படுத்தியும் இருக்கிறது. ஆனால் சாப்பிட்டுப் பாருங்கள்: வாய்ச் சூட்டில் முழுதாக உருகாமல் அண்ணத்தில் மெழுகுபோல் ஒட்டும். மைசூர்பாகில் கடலைமாவு ஒரு பங்கு என்றால் நெய் இரண்டு பங்கு வரை போகும். நெய்தான் அந்தப் பலகாரம். மாவும் சர்க்கரையும் அது ஓடிவிடாமல் கட்டிய வேலி. நெய்யை எடுத்துவிட்டு மைசூர்பாகு செய்வது, மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணம் நடத்துவது.

அல்வா பிடிக்குமா? தூத்துக்குடி மாவட்டத்து முதலூருக்குப் போய்வாருங்கள், அல்லது அங்கிருந்து வருகிறவரிடம் சொல்லி வையுங்கள். அந்த ஊர் மஸ்கோத் அல்வாவில் நெய் கிடையாது. தேங்காய்ப்பால், மைதா, சர்க்கரை, முந்திரி. கிளறக் கிளறத் தேங்காய்ப்பாலில் இருக்கும் எண்ணெயே வெளியே வந்து, அல்வாவைப் பளபளவென்று ஆக்கிவிடும். யாரும் இதை வீகன் என்று விற்கவில்லை.

வீட்டில் செய்வதானால் ஒரு நாள் முன்னதாகத் தொடங்க வேண்டும். ஒரு கப் மைதாவைச் சப்பாத்தி மாவுபோல் பிசைந்து, தண்ணீரில் சில மணி நேரம் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே கசக்கிப் பால் எடுங்கள். சக்கையைத் தள்ளிவிட்டுப் பாலை இரவு முழுக்க அசையாமல் வைத்தால், தெளிந்த நீர் மேலே நிற்கும், அதை இறுத்துவிடுங்கள். அடியில் தங்கிய கெட்டிப் பாலோடு மூன்று பெரிய தேங்காயின் பால், இரண்டரை கப் சர்க்கரை. அடிகனமான உருளி, நீளமான கரண்டி, கூடவே பேச்சுத்துணைக்கு ஓர் ஆள். முதலில் நீர்த்திருக்கும், பிறகு கூழாகும், பிறகு "இது தேறாது" என்று தோன்றும் ஒரு கட்டம் வரும். அங்கேதான் பலரும் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அணைக்காதீர்கள். கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு, ஓரத்தில் எண்ணெய் கக்கும்போது முந்திரியைப் போட்டு, தட்டில் கொட்டி ஆறவிட்டுத் துண்டு போடுங்கள்.

சொல்லப்போனால் நம் மொழியில் "பால்" என்ற சொல் மாட்டுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்ததல்ல. மதுரைத் தெருவில் பருத்திப்பால், திருநெல்வேலி அல்வாவுக்குக் கோதுமைப்பால், முதலூருக்குத் தேங்காய்ப்பால். ஐரோப்பிய நீதிமன்றம் 2017இல் சோயா பானத்தைப் "பால்" என்று விற்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. பருத்திப்பால் விற்கும் பெரியவரிடம் போய் அந்தத் தீர்ப்பைப் படித்துக் காட்ட எனக்குத் தைரியமில்லை.

*கேள்வி: கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு சுடுவோம். முட்டை இல்லாமல் அச்சிலிருந்து கழன்று விழுமா?*
— வாசகி, மார்த்தாண்டம்

பதில்: விழும். இரண்டு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு மைதா, இனிப்புக்குப் பொடித்த சர்க்கரை, கரைக்கத் தேங்காய்ப்பால், கொஞ்சம் எள். முட்டையின் பிடிமானத்தை மைதா பார்த்துக்கொள்ளும். விழாததற்குப் பெரும்பாலும் அச்சுதான் காரணம். முந்தின இரவே அச்சை எண்ணெயில் ஊறப்போடுங்கள். சுடும்போது எண்ணெயில் நன்றாகக் காய்ந்த பிறகே மாவில் தோயுங்கள். முக்கால் பங்குதான் முங்க வேண்டும், மேல் விளிம்பை மாவு மூடினால் கழலாது. உங்கள் ஊர் முந்திரிக்கொத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வறுத்த பாசிப்பயறும் தேங்காயும் பாகும் உருட்டி, அரிசி மாவில் தோய்த்துத் தேங்காய் எண்ணெயில் பொரிப்பது. மாற்ற அதில் ஒன்றுமில்லை.

*கேள்வி: பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் வீகன்தானே?*
— வாசகர், சேலம்

பதில்: இல்லை. பச்சைப் புள்ளி சைவத்துக்கு. பாலும் தேனும் அதில் அடக்கம். வீகன் உணவுக்கு 2022இல் தனி விதிமுறைகள் வந்தன. இலை முளைத்த பச்சை "வி" எழுத்து அதன் அடையாளம். அது இல்லாத பாக்கெட்டில் பொருட்பட்டியலைப் படியுங்கள். "நான்-டெய்ரி" என்று கொட்டை எழுத்தில் போட்ட கிரீமரிலும் சோடியம் கேசினேட் இருக்கலாம். அது பாலின் புரதம்.

*கேள்வி: என் மருமகள் வீகன். ஆனாலும் காரடையான் நோன்பு நோற்கிறேன் என்கிறாள். எனக்குச் சந்தோஷம். வெண்ணெய்க்கு என்ன செய்வது?*
— வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: நல்ல மாமியார், நல்ல மருமகள், எனக்கு இப்படிக் கடிதங்கள் அடிக்கடி வருவதில்லை. அடையில் சிக்கலே இல்லை. வறுத்த அரிசி மாவு, காராமணி, வெல்லம், தேங்காய்ப் பல். உப்படையும் அப்படியே. இலையோரத்து வெண்ணெய் ஒன்றுதான் பாக்கி. அதை உங்கள் இலையில் நீங்கள் வையுங்கள். அவள் இலைக்கு, கெட்டித் தேங்காய்ப்பாலை முந்தின இரவே குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மேலே வெள்ளையாக உறைந்து நிற்கும். அதில் ஓர் உருண்டை. சாஸ்திரப்படி சரியா என்று வீட்டுப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும், நான் சமையல்காரி. உருகிவிடுமே என்றால், மாசி கழிந்து பங்குனி பிறக்கும் ஸ்ரீரங்கத்து வெக்கையில் வெண்ணெய் மட்டும் உருகாமலா நிற்கிறது?

வெண்ணெய்க்கு நாக்கில் ஒரு வேலை உண்டு: அடையின் வறட்சியைப் போக்குவது. அதற்கு மாவு கிளறும்போதே இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் விடுங்கள், தேங்காய்ப் பல்லை இரட்டிப்பாகப் போடுங்கள். சரடு கட்டிக்கொண்ட கையோடு சூடாகச் சாப்பிடச் சொல்லுங்கள். ஆறினால் அடை ரப்பராகும். வெண்ணெய் இருந்தாலும் அப்படித்தான்.