தவளைக் குடலில் இடத்தின் சுவடு: களத்துக்குப் போகிறவர்களுக்கு

தவளையின் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அது கிடக்கும் தண்ணீரிலிருந்தும் மண்ணிலிருந்தும் விழுங்கும் பூச்சியிலிருந்தும் வந்து சேர்கின்றன. இடம் மாறினால் அந்தக் கூட்டமும் மாறும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இதை ஆராயப் புறப்படும் மாணவர்களுக்கு இந்தக் குறிப்புகள். இடத்தை அளப்பதாக நினைத்துக்கொண்டு வேறொன்றை அளந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலையெல்லாம்.

செய்ய வேண்டியவை

• வனத்துறை அனுமதியை முதலில் வாங்குங்கள்.

• மழையைப் பார்த்து நாள் குறியுங்கள். ஜூன், ஜூலையில் கேரளப் பக்கச் சரிவு தென்மேற்குப் பருவமழையில் ஊறிக் கிடக்கும். கிழக்குச் சரிவில் பல பகுதிகள் மழைமறைவில் காய்ந்திருந்து, அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழையில்தான் நன்றாக நனையும். ஒரே வாரத்தில் இருபுறமும் மாதிரி எடுத்தால் மழைக்காலத் தவளையையும் கோடைத் தவளையையும் ஒப்பிட்டவர்கள் ஆவீர்கள். இரை வேறு, நீரின் சூடு வேறு. அதை இடத்தின் வேறுபாடு என்று எழுதுவது பிழை.

• ஒரே இனத்தோடு ஒரே இனத்தை ஒப்பிடுங்கள். 2017-இல் இந்த மலைத்தொடரிலிருந்து இரவுத் தவளைகளில் மட்டும் 7 புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிபவை வேறு இனமாக இருக்கலாம். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கிலும் தெற்கிலும் எடுக்கிறீர்கள் என்றால் டி.என்.ஏ. பார்த்தே உறுதிசெய்யுங்கள்.

• கடல்மட்டத்திலிருந்து உயரம், நீரின் வெப்பம், சுற்றிலும் சோலையா தேயிலைத் தோட்டமா என்பதை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் பக்கத்தில் தெரியும் இரண்டு குளங்களுக்கு நடுவே 1,000 மீட்டர் ஏற்றம் இருக்கலாம்.

• ஒவ்வொரு தவளைக்கும் புதுக் கையுறை. கிருமி நீக்கிய நீரால் உடலை அலசிய பிறகே எச்சத்தைச் சேகரியுங்கள். தோலில் வாழும் கூட்டம் வேறு.

செய்யக்கூடாதவை

• தலைப்பிரட்டையையும் வளர்ந்த தவளையையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். பாசி தின்னும் தலைப்பிரட்டைக்கு நீண்டு சுருண்ட குடல். உருமாறும்போது அது குறுகி, பூச்சி செரிக்கும் குடலாகிவிடும்.

• பிடித்ததை நாள்கணக்கில் தொட்டியில் வைத்திருந்து மாதிரி எடுக்காதீர்கள். அடைத்து வைத்தாலே குடல் பாக்டீரியா மாறத் தொடங்கும்.

• பூச்சிவிரட்டி பூசிய கையால் தொடாதீர்கள்.

• ஓர் ஓடையில் பிடித்ததை இன்னொன்றில் விடாதீர்கள்.

• சேறு படிந்த பூட்ஸோடு அடுத்த குளத்தில் இறங்கவே இறங்காதீர்கள். உலகின் பல பகுதிகளில் தவளை இனங்களையே அழித்த கைட்ரிட் பூஞ்சை ஈரத்தோடு பயணிக்கும். தேய்த்துக் கழுவி, பிளீச் கரைசலில் நனைத்து, முழுக்கக் காயவைத்த பிறகே அடுத்த நீர்நிலைக்குப் போங்கள்.