பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப்?

பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியான மறுநாள் தொடங்கி ஒரு வாரத்துக்கு, தமிழ்நாட்டின் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில், பெற்றோரும் மாமன்மாரும் அண்டை வீட்டாரும் கூடி, பதினைந்து வயதுப் பிள்ளையின் எதிர்காலத்தை இடைவிடாமல் விவாதித்து, ஈற்றில் பள்ளி அலுவலகம் கொடுத்த விண்ணப்பத்தில் ஒரு குரூப்பின் பெயரை எழுதிக் கையொப்பமிடுகிறார்கள். அந்த விவாதத்தில் அடிக்கடி எழும் கேள்வி எந்தக் குரூப் கௌரவமானது என்பது. எழ வேண்டிய கேள்வியோ, இந்தக் குரூப்பை எடுத்துக்கொண்டால் இரண்டு வருஷங்களுக்குப் பின் எந்தெந்தப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கும் உரிமையே இல்லாமற் போகும் என்பது.

1978இல் மேல்நிலைக் கல்வி பள்ளிக்கூடங்களுக்கு வருவதற்கு முன், பதினோராண்டு பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் கல்லூரியிற் பிரவேசித்து, பி.யு.சி. என்ற ஒரு வருஷப் படிப்பில் தங்கள் பாடப் பிரிவைத் தேர்ந்தார்கள். இன்று அந்தத் தேர்வு ஓராண்டு முன்னதாகவே வந்துவிடுகிறது. அதன் பாரமோ சற்றும் குறையவில்லை. ஆறு பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், ஆக 600. இவற்றுள் மொழிப் பாடமும் ஆங்கிலமும் எல்லோருக்கும் பொது. எஞ்சிய நான்கு பாடங்களின் சேர்க்கையே குரூப் எனப்படுவது. பௌதிகம், ரசாயனம், கணிதம் என்ற மூன்றோடு உயிரியல் சேர்ந்தால் பயோ மேத்ஸ். உயிரியலுக்குப் பதிலாகக் கணினி அறிவியல் சேர்ந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். கணிதத்தை நீக்கித் தாவரவியலையும் விலங்கியலையும் சேர்த்தால் பியூர் சயின்ஸ். வணிகவியலும் கணக்குப்பதிவியலும் பொருளியலும் கூடியது காமர்ஸ். சரித்திரத்தை முதலாகக் கொண்டது ஆர்ட்ஸ். இவற்றுக்கு அப்பால் தொழிற்கல்விப் பிரிவுகள் சில.

பெற்றோரைப் பெரிதும் அலைக்கழிப்பது முதலிரண்டுக்கும் இடையிலான தேர்வே. மகன் கம்ப்யூட்டர் இஞ்சினீயர் ஆக வேண்டுமானால் பள்ளியிலேயே கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டும் என்ற அபிப்பிராயம் எவ்வளவு பரவலானதோ அவ்வளவு ஆதாரமற்றது. 1984இல் தொடங்கிய மாநில நுழைவுத் தேர்வு 2007-08ஆம் கல்வியாண்டு முதல் நீக்கப்பட்டபின், நம் மாநிலத்தில் பொறியியற் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நடைபெறுகிறது; அதற்குரிய கட் ஆஃப் கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50 என 200க்குக் கணக்கிடப்படுவது. நான்காவது பாடம் உயிரியலா கணினி அறிவியலா என்பது இந்த 200இல் ஒரு புள்ளியையும் கூட்டுவதில்லை, குறைப்பதுமில்லை. கல்லூரியில் முதல் வருஷத்தில் நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கும்போது, பள்ளியில் முன்பே அறிந்தவனுக்குச் சில மாதங்கள் சௌகரியமாக இருக்கும் என்பது மெய். அதற்கு மேல் அந்த அனுகூலம் நீடிப்பதாக நான் நினைக்கவில்லை.

உயிரியலை நான்காவதாகக் கொண்டவனுக்கோ, பொறியியலுக்கு உரிய உரிமை முழுவதும் இருக்க, மருத்துவம், கால்நடை மருத்துவம், வேளாண்மை, செவிலியர் படிப்பு ஆகியவற்றுக்கான உரிமையும் கூடவே கிடைக்கிறது. பலர் அறியாத இன்னொரு விஷயமும் உண்டு: திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் உள்ள ஐசர் என்னும் மத்திய விஞ்ஞானக் கல்வி நிலையங்களுக்கான நுழைவுத் தேர்வில் பௌதிகம், ரசாயனம், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றிலும் 15 கேள்விகள் கேட்கப்படுகின்றன, நான்கையும் பள்ளியிலேயே படித்தவனுக்கு அது தன் வீட்டு முற்றம் போன்றது. இவ்வளவு நன்மைகளுக்கும் ஈடாகக் கொடுக்க வேண்டிய விலை உழைப்பு. பயோ மேத்ஸில் இலகுவான பாடம் என்று ஒன்றும் இல்லை. உயிரியலின் பெயர்களையும் படங்களையும் நினைவிற் பதிக்க ஆகும் நேரம் கணிதப் பயிற்சிக்கான நேரத்திலிருந்தே எடுக்கப்பட வேண்டும். ஆகவே, உடலையும் உயிரையும் பற்றி அறியும் ஆவல் கடுகளவும் இல்லாத பிள்ளைமீது, எதற்கும் இருக்கட்டும் என்று உயிரியலைச் சுமத்துவது நியாயமன்று. அத்தகையோருக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பே தக்கது. அந்தப் பாடத்தின் மகிமையால் அன்று, மற்ற மூன்றுக்கும் அது விட்டுவைக்கும் அவகாசத்தினால்.

மருத்துவமே குறிக்கோள் என்று உறுதிகொண்டவர்கள் கணிதத்தைத் துறந்து பியூர் சயின்ஸுக்குப் போகலாமா என்று கேட்பார்கள். நீட் தேர்வின் 180 கேள்விகளில் 90 உயிரியலைச் சேர்ந்தவை. எஞ்சியவை பௌதிகமும் ரசாயனமும். கணிதத்துக்கு அங்கே நேரடியான இடமில்லை. அவ்வகையிற் பார்த்தால் பியூர் சயின்ஸ் தர்க்கத்துக்குப் பொருந்திய தேர்வே. எம்.பி.பி.எஸ். இடம் கிட்டாமற் போனாலும் பாதகமில்லை: மாநில ஒதுக்கீட்டுக் கால்நடை மருத்துவ இடங்களும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பட்டப் படிப்பும், பி.எஸ்ஸி. நர்சிங்கும் பிளஸ் டூ மதிப்பெண்ணாலேயே நிரப்பப்படுகின்றன. ஆனால் பொறியியல் என்னும் பெரிய ராஜபாட்டை அன்றோடு அடைபடுகிறது. பௌதிகத்தைக் கணிதத்தின் துணையின்றிக் கற்பதில் உள்ள சிரமமும் சாமானியமானதன்று. மருத்துவ ஆசை பிள்ளையுடையதா பெற்றோருடையதா என்பதில் அணுவளவு சந்தேகம் இருந்தாலும் கணிதத்தை விடாதிருப்பதே நலம். இதற்கு மறுதலையான ஒரு செய்தியும் சொல்ல வேண்டும்: பிளஸ் டூ தேறியபின் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023இல் அறிவித்தது. விட்ட உயிரியலைப் பிடிக்க அவ்வாறு ஒரு வழி இருக்க, விட்ட கணிதத்தைப் பிடிப்பதோ நடைமுறையில் மிகக் கடினம்.

கணிதம் தனக்கு வருமா என்பதைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு நிர்ணயிப்பது அபாயமானது. அங்கே நூற்றுக்கு நூறு வாங்கியவன் இங்கே திணறுவதைக் கணித உபாத்தியாயர்கள் வருஷந்தோறும் காண்கிறார்கள். பழகிய கணக்குகளைப் பிழையின்றிச் செய்வது ஒரு திறமை, வகையீடும் தொகையீடும் என்ன சொல்கின்றன என்று புரிந்துகொள்வது வேறொரு திறமை. இதைச் சோதிக்கச் செலவில்லாத உபாயம் ஒன்று உண்டு. பிளஸ் ஒன் கணிதப் புத்தகம் அரசின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மே மாத விடுமுறையில் அதன் முக்கோணவியல் அத்தியாயத்தைப் பிள்ளை தானே படித்து, பயிற்சிக் கணக்குகளில் எத்தனை தானே போடக்கூடியவை, எத்தனையில் அடுத்த அடி தெரியாமல் நிற்கிறது என்று பார்க்கட்டும். நிற்பது தோல்வியன்று, நின்ற இடத்தில் யோசிக்கப் பிடிக்கிறதா, புத்தகத்தை மூடப் பிடிக்கிறதா என்பதே கவனிக்கத் தக்கது.

மூடப் பிடிக்கிறவர்களுக்குக் காமர்ஸ் ஒரு தண்டனை என்று எண்ணுவது நம் சமூகத்தின் நெடுநாளைய மௌடீகங்களில் ஒன்று. சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் படிப்பின் முதல் நிலைத் தேர்வை எந்தக் குரூப் படித்தவரும் எழுதலாம் என்றாலும், கணக்கியலும் பொருளியலும் அதன் நான்கு தாள்களுள் இரண்டாதலால், காமர்ஸ் மாணாக்கர் பாதி வழி நடந்தே வந்திருப்பார். எனினும் மற்றொரு தாளில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் இருக்கின்றன. ஆகையால் வணிகக் கணிதத்தை நான்காவது பாடமாகத் தரும் பள்ளி கிடைக்குமானால் அதையே நாட வேண்டும். பொருளாதாரத்தை ஆழ்ந்து கற்க விரும்புவோரும் இதைக் கருதுவது நன்று: டெல்லி சர்வகலாசாலையில் பி.ஏ. ஆனர்ஸ் பொருளாதாரத்துக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருத்தல் கட்டாயம்.

ஆர்ட்ஸ் குரூப்பை, வேறெதிலும் இடம் கிடைக்காதவர்களுக்கு உரியதென்று பள்ளிகளே ஒதுக்கிவிட்டமையால், அதை நன்கு கற்பிக்கும் இடங்கள் அருகிவிட்டன. ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்தக் குரூப்பும் தடையன்று. ஆட்சிப் பணித் தேர்வுக்குச் சரித்திரமும் அரசியலும் எவ்வளவு பயன்படும் என்பது யாவரும் அறிந்தது. வாசிப்பில் பிரியமுள்ள பிள்ளை இதைக் கேட்டால் மறுக்காதீர்கள். தொழிற்கல்விப் பிரிவினருக்குப் பொறியியற் சேர்க்கையில் 2 சதவீத இடம் உண்டு. ஆயினும் அவ்வழியை விரும்புவோருக்குப் பத்தாம் வகுப்பிலிருந்தே மூன்றாண்டுப் பாலிடெக்னிக் டிப்ளமோவுக்குச் சென்று, பிறகு பொறியியலின் இரண்டாம் வருஷத்தில் நேரடியாகச் சேர்வது மேலானது என்பது என் எண்ணம்.

குரூப்பைப் போலவே பள்ளியும் விசாரணைக்குரியது. பிளஸ் ஒன் பாடங்களை ஒதுக்கிவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடங்களையே உருப்போடச் செய்யும் வழக்கம் தனியார் பள்ளிகள் சிலவற்றில் வேரூன்றியிருந்தது. அதை ஒழிக்கவே 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அத்தேர்வைக் கைவிட்டுவிட்டதால், பழைய வழக்கம் மீளாது என்பதற்கு உத்தரவாதமில்லை. நீட், ஜே.இ.இ. இரண்டும் இரு வகுப்புப் பாடங்களிலிருந்தும் கேட்பவை. பிளஸ் ஒன் பாடத்தை இழந்தவன் பாதி ஆயுதத்தோடு போருக்குச் செல்கிறான். ஆகவே சேர்க்குமுன், அப்பள்ளியில் சென்ற ஆண்டு பிளஸ் ஒன் படித்த பிள்ளைகள் இருவரை அணுகி, அவ்வருஷப் புத்தகங்கள் முழுவதும் நடத்தப்பட்டனவா என்று கேளுங்கள். தலைமையாசிரியரின் வாக்குறுதியை விட அது நம்பகமானது.

இவ்வளவு யோசித்துச் சேர்ந்தபின்னும் குரூப் பொருந்தவில்லை என்று பிள்ளை சொன்னால் தாமதிக்க வேண்டாம். வகுப்புகள் தொடங்கிய முதற் சில வாரங்களுக்குள் மாற்றம் கேட்பது எளிது. காலாண்டுத் தேர்வு கழிந்துவிட்டால் தவறிய பாடங்களை ஈடுசெய்ய அவகாசம் இராது.