கடைக்கும் வீட்டுக்கும் ஒரு லேப்டாப்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

அரிசி வாங்கும்போது மூட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரை மட்டும் பார்த்து நாம் விலை பேசுவதில்லை. குத்தூசி விட்டு மாதிரி எடுத்து, உள்ளங்கையில் கொட்டி, பழையதா புதியதா, நொய் எவ்வளவு, கல் உண்டா என்று பார்த்த பிறகே பேச்சு. ஆனால் முப்பதாயிரம், நாற்பதாயிரம் கொடுத்து லேப்டாப் வாங்கப் போகும்போது, நம்மில் பலர் மேலே ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்ததோடு பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறோம். இந்தச் சரக்குக்கும் குத்தூசி விடும் முறை உண்டு. அதை இங்கே வரிசையாகப் பார்ப்போம்.

நமக்கே நேர்ந்தது

2022-ஆம் ஆண்டில் நாமும் இந்தத் தவறைச் செய்தோம். மற்றதைவிட எட்டாயிரம் ரூபாய் குறைவு என்பதற்காக, 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பும் கொண்ட ஒரு லேப்டாப்பை வாங்கினோம். மூன்று மாதம் நன்றாகவே ஓடியது. பிறகு விண்டோஸ் அப்டேட்டுகள் இறங்கி இடத்தை அடைத்துக்கொண்டன. ஒரு மாதம் 10-ஆம் தேதி மாலை, ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கல் செய்ய உட்கார்ந்தபோது இயந்திரம் நின்றுவிட்டது. மறுநாள் 11-ஆம் தேதி, கடைசி நாள். அன்றும் அது எழுந்திருக்கவில்லை. கணக்கை மீட்டெடுத்துத் தாக்கல் செய்தபோது 15-ஆம் தேதி ஆகிவிட்டது.

நமக்கு வந்த சங்கடம் பெரிதல்ல. 14-ஆம் தேதி உருவாகும் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி பட்டியலில் நம்முடைய பில்கள் இடம்பெறவில்லை. 2022 ஜனவரி 1 முதல், அந்தப் பட்டியலில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. நம்மிடம் சரக்கெடுத்த சில்லறைக் கடைக்காரர்கள் அந்த மாதம் அவ்வளவு தொகையையும் கைப்பணமாகக் கட்ட வேண்டியதாயிற்று. "அண்ணாச்சி, உங்க கம்ப்யூட்டர் படுத்ததுக்கு நான் வரி கட்டணுமா?" என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. இருவர் அடுத்த மாதமே வேறு மண்டியில் சரக்கெடுக்கத் தொடங்கினர். எட்டாயிரம் மிச்சம் பிடித்து, பல வருட வாடிக்கையை இழந்தோம்.

1. முதலில் வேலையைப் பட்டியலிடுங்கள்

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் எழுதுங்கள்: பில் போடுதல், கணக்கு எழுதுதல், ஜி.எஸ்.டி. தாக்கல், வங்கி வேலை, வாட்ஸ்அப்பில் ஆர்டர் பார்த்தல், மாலையில் வீட்டில் பிள்ளைகளின் படிப்பு. இவை எதற்கும் லட்ச ரூபாய் இயந்திரம் தேவையில்லை.

அடுத்து, இந்த வேலைகளுக்கான மென்பொருள் எதில் ஓடும் என்று கேளுங்கள். நம்மில் பலர் பயன்படுத்தும் டேலி, விண்டோஸில் நிறுவப்படுவது. விலை மலிவாகக் கிடைக்கும் குரோம்புக்கில் அதை நேரடியாக நிறுவ முடியாது. பார்கோடு ஸ்கேனர், பில் பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆகியவையும் ஒத்துப்போக வேண்டும். ஆகவே பெரும்பாலான கடைகளுக்கு விண்டோஸ் லேப்டாப்பே பொருத்தம்.

விண்டோஸ் இல்லாமல் 'டாஸ்' என்று குறைந்த விலைக்குத் தருவதும் உண்டு. அசல் விண்டோஸைப் பிறகு தனியே வாங்கினால் அந்த மிச்சம் போய்விடும். யாரோ ஒருவர் பென்டிரைவில் போட்டுத்தரும் திருட்டு விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறப்பது, கல்லாச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுப்பது போன்றது.

2. உள்ளே பார்க்க வேண்டிய மூன்று

பிராசஸர்: ஐ3, ஐ5 என்ற பெயர் மட்டும் போதாது, பின்னால் வரும் எண்ணே தலைமுறையைச் சொல்லும். இன்டெல் ஐ3-1215யு என்றால் முதல் இரண்டு எண்கள் 12, பன்னிரண்டாம் தலைமுறை. ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை. பழைய ஐ5-ஐவிடப் புதிய ஐ3 வேகமாக ஓடுவது சாதாரணம். ஏ.எம்.டி. ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது எண்ணைப் பாருங்கள். 7520யு-வில் அது 2. அதாவது உள்ளிருப்பது பழைய ஜென் 2 வடிவமைப்பு. 7530யு-வில் அது 3, ஜென் 3. ஸ்டிக்கரில் இரண்டுமே 'ரைசன் 5' என்றுதான் இருக்கும். மூட்டை ஒன்றுதான், சரக்கு வேறு.

நினைவகம்: 8 ஜிபி-க்குக் குறைவாக வாங்க வேண்டாம். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி என்றே சொல்லப்படுகிறது. ஆனால் அது இயந்திரம் எழுந்து நிற்பதற்கான அளவு. டேலியும் பிரவுசரும் சேர்ந்து ஓடுவதற்கான அளவு அல்ல. பின்னால் கூட்டிக்கொள்ளலாமா என்று மறக்காமல் கேளுங்கள். சிலவற்றில் நினைவகம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்ட முடியாது. காலியான ஒரு ஸ்லாட் இருந்தால் 8 ஜிபி போதும். இல்லையென்றால், கையில் வசதி இருக்கும்பட்சத்தில், 16 ஜிபி-யாகவே எடுப்பது நல்லது.

சேமிப்பு: எஸ்.எஸ்.டி. என்று இருக்க வேண்டும். சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் மெதுவானது, அதிர்ச்சி தாங்காது. இ.எம்.எம்.சி. என்பது போர்டோடு சேர்ந்த சிறு சேமிப்பு. நம்மைக் கவிழ்த்தது அதுதான். கணக்கு வேலைக்கு 256 ஜிபி போதும்; வீட்டுப் படங்களும் சேரும் என்றால் 512 ஜிபி.

3. வெளியே பார்க்க வேண்டியவை

எண் விசைகள்: விசைப்பலகையின் வலப்புறம் தனியாக எண் விசைகள் உண்டா என்று பாருங்கள். 14 அங்குல லேப்டாப்புகளில் பெரும்பாலும் இராது, 15.6 அங்குலத்தில் பெரும்பாலும் இருக்கும். நாளெல்லாம் பில் தொகை அடிப்பவருக்கு இது பெரிய உதவி. தினமும் தூக்கிச் செல்பவர் 14 அங்குலம் வாங்கி, யு.எஸ்.பி.-யில் செருகும் எண் பலகையைத் தனியே வைத்துக்கொள்ளலாம்.

திரை: 1920-க்கு 1080 என்ற அளவு இருக்கட்டும். 1366-க்கு 768 என்ற பழைய திரையில் பேரேட்டின் பத்திகள் முழுதாகத் தெரியாது. சற்றே பக்கவாட்டில் நின்று பாருங்கள். நிறம் மாறி வெளுத்தால் வேண்டாம்.

இணைப்புகள்: ஸ்கேனர், பிரிண்டர், டோக்கன் மூன்றுக்கும் யு.எஸ்.பி. துளை வேண்டும். மெலிதான லேப்டாப்புகள் பலவற்றில் நெட்வொர்க் கேபிள் துளை இல்லை. கடையில் கேபிள் வழி இணையம் என்றால் இதைக் கவனியுங்கள்.

பாட்டரி: 'பத்து மணி நேரம்' என்ற விளம்பரத்தை விட்டுவிட்டு, வாட்-அவர் எண்ணைக் கேளுங்கள். 42 வாட்-அவர் பாட்டரி, லேப்டாப் 7 வாட் எடுத்தால் 6 மணி நேரம் வரும். மின்தடையின்போது லேப்டாப் தானே ஓடும். ஆனால் மோடமும் பில் பிரிண்டரும் நின்றுவிடும். அவற்றை இன்வெர்ட்டரில் இணைத்து வையுங்கள்.

4. பழைய லேப்டாப் வாங்கலாமா?

வாங்கலாம். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில், நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகள் கிடைக்கின்றன. அலுவலக உழைப்புக்கென்றே செய்யப்பட்டவை, உடல் உறுதியானவை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸரும் வேண்டும். ஏழாம் தலைமுறையைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வணிகத்துக்கு ஆகாது. விண்டோஸிலேயே பாட்டரி அறிக்கை எடுக்கும் வசதி உண்டு. புதிதில் இருந்த கொள்ளளவையும் இப்போதைய கொள்ளளவையும் அது காட்டும். பாதிக்குக் கீழ் என்றால் புது பாட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள். பில் இல்லாத சரக்கைத் தொடவே வேண்டாம்.

5. பில்லும் வரியும்

லேப்டாப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். வரியோடு 40,000 ரூபாய் என்றால் அதில் வரி மட்டும் 6,100 ரூபாய்க்குச் சற்று மேல். வாங்கும்போதே நம் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து, கடைப் பெயரில் பில் வாங்கினால் இதை உள்ளீட்டு வரியாக எடுக்கலாம். இதில் மூன்று நிபந்தனைகள் உண்டு. காம்போசிஷன் திட்டத்தில் உள்ளோருக்கு வரவு கிடையாது. வரித்தொகையையும் சேர்த்துத் தேய்மானம் காட்டினால் வரவு எடுக்கக் கூடாது. வீட்டுக்கும் பயன்படுத்தினால் வணிகப் பங்குக்கு மட்டுமே வரவு. பங்கு எவ்வளவு என்பதை ஆடிட்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை உலகச் சந்தையில் ஏறியது. ஆகவே சென்ற ஆண்டு நண்பர் வாங்கிய விலையை வைத்துப் பேரம் பேசாமல், ஒரே நாளில் மூன்று கடைகளில் கேட்டு முடிவு செய்யுங்கள். வட்டியில்லாத் தவணை என்றாலும், பரிசீலனைக் கட்டணம் உண்டா, வட்டிக்கு ஜி.எஸ்.டி. பிடிப்பார்களா என்று கேளுங்கள். வாரண்டிக்கு ஆள் கடைக்கே வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதையும் கேளுங்கள்.

6. வாங்கிய அன்றே செய்ய வேண்டியது

பிள்ளைகளுக்குத் தனிப் பயனர் கணக்கு போட்டுக் கொடுங்கள். கடைக் கணக்குக்குத் தனி பாஸ்வேர்டு. தினமும் கடை அடைக்குமுன் கணக்கை வெளி டிஸ்கில் நகலெடுங்கள். வாரம் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு அறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். 2025-26 ஆண்டுக் கணக்கு 2032 டிசம்பர் 31 வரை நம்மிடம் இருந்தாக வேண்டும். இன்று வாங்கும் லேப்டாப் அதுவரை உழைக்காமல் போகலாம். நகல் இருக்க வேண்டும்.

சுருக்கமாக: எட்டாம் தலைமுறைக்குக் குறையாத, கூடுமானால் பன்னிரண்டாம் தலைமுறை பிராசஸர்; 8 ஜிபி நினைவகம், கூட்ட இடம்; எஸ்.எஸ்.டி.; எண் விசைகள்; அசல் விண்டோஸ்; கடைப் பெயரில் பில். இந்த ஆறையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். விற்பவர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் சீட்டைப் பார்த்தே பதில் சொல்லுங்கள். நம்மிடம் சரக்கெடுப்பவர் நம் கணக்கை நம்பித்தான் எடுக்கிறார். அந்த நம்பிக்கையை எட்டாயிரம் ரூபாய்க்கு விற்றுவிட வேண்டாம்.