கருவியை மாற்றினால் பழக்கம் போய்விடுமா?

 

விடுமுறையில் ஊர் வரும் நம் பிள்ளைகளின் பெட்டியில் பேரீச்சம்பழமும் அத்தரும் இருக்கும். இப்போது சிலர் இன்னொன்றையும் கொண்டு வருகிறார்கள். பார்த்தால் பேனா மாதிரி, பென்டிரைவ் மாதிரி இருக்கும். "சிகரெட்டை விட்டுட்டேன் உம்மா. இதுல புகையே இல்ல, வெறும் ஆவிதான்" என்று மகன் சொல்லும்போது தாய்க்கு ஒரு பக்கம் நிம்மதி, மறு பக்கம் சந்தேகம். அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளவே இந்தப் பாடம்.

இ-சிகரெட் என்பது என்ன?

பேட்டரியால் ஒரு திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கருவி இது. வேப் என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் திரவத்தில் நிக்கோட்டினும் வாசனைப் பொருள்களும் கலந்திருக்கும். புகையிலை எரியாததால் தாரும் கார்பன் மோனாக்சைடும் உடலுக்குள் சிகரெட் அளவுக்குப் போவதில்லை. சிகரெட்டை விட இதில் தீங்கு குறைவு என்று இங்கிலாந்தின் சுகாதாரத் துறை சொல்வது இதனால்தான். ஆனால் தீங்கே இல்லை என்று அதுவும் சொல்லவில்லை. புகைக்காதவர்கள் இதைத் தொடவே வேண்டாம் என்கிறது. நம்மை அடிமையாக்குவது நிக்கோட்டின். அது இதிலும் இருக்கிறது.

பயன்படுத்தியவர்களின் அனுபவம்

புகைப்பவர்கள் இதை நாடுவதற்குக் காரணம் உண்டு. சிகரெட் என்பது நிக்கோட்டின் மட்டுமல்ல. கையில் பிடிப்பது, உதட்டில் வைப்பது, தொண்டையில் படும் அந்தக் காரம், டீக்குப் பிறகு ஐந்து நிமிடம் வெளியே போய் நிற்பது என எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பழக்கம். சூயிங்கம் தராத இவற்றை வேப் தருகிறது. சிலர் இதன் துணையோடு சிகரெட்டை விட்டிருக்கிறார்கள். இருமல் குறைந்தது, துணியில் நாற்றம் இல்லை என்று சொல்கிறார்கள். அதை நாம் மறுக்க வேண்டியதில்லை.

அதே ஆட்கள் சொல்லும் மறுபக்கமும் உண்டு. சிகரெட் ஒரு கட்டத்தில் எரிந்து முடிந்துவிடும். வேப்புக்கு முடிவு கிடையாது. படுக்கையில், குளியலறையில், வேலைக்கு நடுவில் என நாள் முழுக்க இழுக்கலாம். எவ்வளவு இழுத்தோம் என்ற கணக்கே இருக்காது. பலர் வேப்பை எடுத்த பிறகும் சிகரெட்டை முழுதாக விடுவதில்லை. வீட்டில் வேப், நண்பர்களோடு சிகரெட் என்று இரண்டையும் சுமக்கிறார்கள். "விட்டவனா, விடாதவனா என்று எனக்கே தெரியவில்லை" என்ற நிலைக்கு வருகிறார்கள்.

ஆய்வு காட்டும் உண்மை

இங்கிலாந்தில் புகையை விட உதவும் அரசு மையங்களுக்கு வந்த 886 பேரிடம் நடத்திய ஆய்வு 2019ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியானது. ஒரு பிரிவுக்கு இ-சிகரெட்டும், மறு பிரிவுக்குச் சூயிங்கம், பேட்ச் போன்ற நிக்கோட்டின் மருந்துகளும் தரப்பட்டன. ஓராண்டுக்குப் பின் சிகரெட்டை விட்டிருந்தவர்கள் முதல் பிரிவில் 18 சதவீதம், இரண்டாம் பிரிவில் 9.9 சதவீதம்.

இதை மட்டும் கேட்டால் இ-சிகரெட்டே மேல் என்று தோன்றும். மேலும் இரண்டு செய்திகளைப் பாருங்கள். முதலாவது, அப்படி விட்டவர்களில் இ-சிகரெட் பிரிவில் 80 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பிறகும் இ-சிகரெட்டை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மருந்துப் பிரிவில் மருந்தைத் தொடர்ந்தவர்கள் 9 சதவீதம்தான். இரண்டாவது, இரு பிரிவினருக்கும் குறைந்தது நான்கு வாரம், வாரந்தோறும் நேரில் ஆலோசனை கிடைத்தது. கடையில் கருவியை வாங்கிப் பையில் போட்டுக்கொள்பவருக்கு அந்தத் துணை இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு அரசு 2018இலேயே இ-சிகரெட்டைத் தடை செய்தது. 2019இல் வந்த மத்திய அரசின் சட்டம் நாடு முழுவதும் இதன் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விநியோகம், சேமித்து வைத்தல், விளம்பரம் ஆகியவற்றைத் தடுக்கிறது. விற்பவருக்கும் இறக்குமதி செய்பவருக்கும் முதல் தடவை ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். அமீரகத்தில் 2019 முதல் இதை விற்க அனுமதி உண்டு. சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். அங்கே கடையில் கிடைக்கிறது என்பதற்காக ஊருக்கு வாங்கி வர வேண்டாம். "நண்பனுக்குத்தானே" என்று எடுத்து வந்து விமான நிலையத்தில் தலைகுனிய வேண்டாம்.

இலேசான தீங்குதானே என்ற கேள்வி

"இரண்டு தீங்குகளில் இலேசானதைத் தேர்ந்தெடுக்க மார்க்கத்தில் இடமுண்டே" என்று ஒரு சகோதரர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வேறு வழியே இல்லாதவருக்குத்தான் அந்தச் சலுகை. இங்கே மூன்றாவது வழி திறந்திருக்கிறது. நம் கைகளாலேயே நம்மை அழிவில் தள்ளிக்கொள்ள வேண்டாம் என்பது அல்பகரா அத்தியாயத்தின் 195ஆம் வசனத்தின் கட்டளை. சிகரெட், பீடியை மட்டுமல்ல, அவற்றின் இடத்தில் வந்து உட்காரும் புதிய அடிமைத்தனத்தையும் இந்தக் கட்டளையை வைத்தே நாம் எடைபோட வேண்டும்.

விட நினைப்பவருக்கு வழி

* 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் தேசியப் புகையிலை நிறுத்த ஆலோசனை கிடைக்கும். அரசு மருத்துவமனைகளிலும் கேளுங்கள்.

* 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. மிட்டாய் போல மென்று தள்ளக் கூடாது. காரம் தெரியும் வரை மெதுவாக மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி வேண்டாம். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

* ஆசை பொங்கி வரும் நேரம் சில நிமிடங்கள்தான். தண்ணீர் குடியுங்கள், ஒளூச் செய்யுங்கள், எழுந்து நடங்கள். முதல் இரண்டு மூன்று நாள்தான் கடுமை. சில வாரங்களில் தணியும்.

* ரமலானைப் பயன்படுத்துங்கள். நோன்பு வைத்துக்கொண்டு பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் புகைக்காமல் இருக்கிறீர்கள். முடியாது என்பது பொய் என்று உங்கள் உடலே சாட்சி சொல்கிறது. பலர் தோற்பது இஃப்தாருக்குப் பின் வரும் முதல் பத்து நிமிடத்தில். அந்த நேரத்தில் தனியாக வெளியே போகாதீர்கள். பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்த கையோடு மஃரிப் ஜமாஅத்தில் போய் நில்லுங்கள். புகையைப் போலவே வேப்பின் ஆவியும் நோன்பை முறித்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். பேட்ச் பற்றி உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டாரின் கடமை

விட முயன்று தவறியவரை "உன்னால எங்க முடியப் போகுது" என்று கேலி செய்யாதீர்கள். கேலிக்குப் பயந்தவர் ஒளிந்து இழுப்பார். வேப்பில் நாற்றம் அதிகம் இல்லாததால் அப்படி ஒளிவதும் எளிது. பலரும் ஒரே முயற்சியில் விட்டவர்கள் அல்லர். விழுந்து விழுந்து எழுந்தவர்கள். முதல் வாரம் அவருக்குக் கோபமும் எரிச்சலும் வரும். அது உங்கள் மீதுள்ள கோபமல்ல, நிக்கோட்டின் இறங்குவதன் வலி. அந்த ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளும் மனைவியும் தாயும்தான் எந்தக் கருவியையும் விடப் பெரிய துணை.

வீட்டில் பேசிப் பாருங்கள்

1. நம் வீட்டில் புகைப்பவர் யார்? அவரிடம் கடைசியாக அன்போடு பேசியது எப்போது?

2. "விட்டுவிட்டேன்" என்பதற்கு நாம் வைக்கும் பொருள் என்ன? சிகரெட்டை விடுவதா, நிக்கோட்டினையே விடுவதா?

3. பிள்ளையின் பையில் பழ வாசனையோடு ஒரு கருவி கிடைத்தால், அடிப்பதற்கு முன் என்ன கேட்போம்?

வல்ல அல்லாஹ் நம் வீட்டு ஆண்களின் நெஞ்சுக்கு ஆரோக்கியத்தையும், விட நினைப்பவர்களுக்கு உறுதியையும், துணை நிற்பவர்களுக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.