கூரைக் கிளெய்ம் மறுக்கப்பட்டால் பப்ளிக் அட்ஜஸ்டர் வேண்டுமா?

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டாலஸ், பிளேனோ பக்கம் வசந்தகாலம் வந்தாலே ஆலங்கட்டி மழை பயம்தான். மழை ஓய்ந்த சில வாரங்களில் பல வீடுகளுக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்புக் கடிதம் வருகிறது. உடனே அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். அவற்றை நம்பிக் கையெழுத்துப் போடுமுன் இதைப் படியுங்கள்.

நம்பிக்கை: மறுப்பு எதுவானாலும் பப்ளிக் அட்ஜஸ்டர் மாற்றிவிடுவார்.

மாநில உரிமம் பெற்று, நிறுவனத்துக்காக அல்லாமல் உங்களுக்காகச் சேதத்தை மதிப்பிட்டுப் பேரம் பேசுபவர் அவர். ஆனால் எல்லா மறுப்பும் ஒன்றல்ல. கடிதத்தில் சொல்லியிருக்கும் காரணத்தை முதலில் பாருங்கள்.

"சேதம் டிடக்டிபிளைத் (நீங்களே ஏற்க வேண்டிய முதல் தொகையை) தாண்டவில்லை", "இது பழைய தேய்மானம்" என்றால் சண்டை கூரையின் மேல் இருக்கிறது. நிறுவனத்தின் ஆள் ஒவ்வொரு சரிவிலும் பத்தடிக்குப் பத்தடி சாக்பீஸால் கட்டம் போட்டு, அதற்குள் விழுந்த அடிகளை எண்ணுவார். கூரைப் பரப்பின் மேலுள்ள குருணை உதிர்ந்து கறுத்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கும். அது ஆலங்கட்டியின் அடி. வெயிலில் வெடித்த கொப்புளம் வேறு. காற்றுப்போக்கிக் குழாயின் தகரத்திலும் மழைநீர்க் குழாயிலும் உள்ள நசுங்கல்கள் நல்ல சாட்சி. இவற்றை வரிசையாகப் படமெடுத்துக் கோப்பாக்குவதில்தான் பப்ளிக் அட்ஜஸ்டரின் திறமை பயன்படும்.

2003இல் ஆலங்கட்டி மழையில் அடிபட்ட ஒரு டெக்சஸ் கூரையைப் பாருங்கள். முகட்டில் மட்டும் சேதம், செலவு 499.50 டாலர் என்றது நிறுவனம். டிடக்டிபிளோ 1,477 டாலர். கூரை முழுவதையும் மாற்ற 13,000 டாலருக்கு மேல் ஆகும் என்றார் வீட்டுக்காரரின் ரூஃபர் (கூரை ஒப்பந்ததாரர்). பாலிசியில் இருந்த 'அப்ரைசல்' விதிப்படி இருதரப்பு மதிப்பீட்டாளர்களும் ஒரு நடுவரும் தொகையை முடிவு செய்யலாமா என்ற வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2009இல் வீட்டுக்காரர் பக்கம் தீர்ப்பானது. உங்கள் பாலிசியில் அந்த விதி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

"அழகு கெட்டால் ஈடு இல்லை", "தாமதமாகத் தெரிவித்தீர்கள்" போன்ற காரணங்கள் பாலிசியின் வாசகத்தைப் பற்றியவை. அதற்கு வழக்கறிஞர்தான் வேண்டும். சட்ட ஆலோசனை சொல்ல பப்ளிக் அட்ஜஸ்டருக்கு அனுமதி இல்லை.

நம்பிக்கை: அவரை வைத்தால் பல மடங்கு கிடைக்கும்.

ஃபுளோரிடா சட்டமன்றத்தின் ஆய்வு அலுவலகம் 2010இல் வெளியிட்ட அறிக்கையிலிருந்து வந்த நம்பிக்கை இது. 2005 சூறாவளிக் கிளெய்ம்களில் பப்ளிக் அட்ஜஸ்டர்களை வைத்திருந்தவர்களுக்கு 747% அதிகம் கிடைத்தது என்கிறது அது. எண் சரிதான். ஆனால் பெரிய சேதம் உள்ளவர்தானே செலவு செய்து ஆள் வைப்பார்? அந்த வித்தியாசம் முழுவதும் அட்ஜஸ்டரின் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நம்பிக்கை: அவர் கட்டணத்தை இன்சூரன்ஸ் கொடுத்துவிடும்.

கொடுக்காது. உங்கள் தொகையிலிருந்துதான் போகும். டெக்சஸில் உச்சவரம்பு 10%. நான்கு லட்சம் டாலர் வீட்டுக்கு 2% டிடக்டிபிள் என்றால் 8,000. இருபதாயிரம் டாலர் கூரைக்குக் கைக்கு வருவது 12,000. கட்டணம் 1,200 போக மிச்சம் 10,800. சேதமே ஒன்பதாயிரம்தான் என்றால் கிடைக்கக்கூடியது வெறும் ஆயிரம். யாரையும் அமர்த்த வேண்டியதில்லை.

நம்பிக்கை: ரூஃபரே பேசி வாங்கித் தந்துவிடுவார்.

தான் வேலை செய்யும் கூரைக்கே ரூஃபர் அட்ஜஸ்டராகவும் இருக்க டெக்சஸ் சட்டம் தடை விதிக்கிறது. அந்தத் தடை செல்லும் என்று 2024இல் மாநில உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. டிடக்டிபிளைத் தானே தள்ளுபடி செய்வதாகச் சொல்லும் ரூஃபரை வாசலோடு அனுப்பிவிடுங்கள், அதுவும் சட்டவிரோதம்.

ஆள் தேடுமுன், மறு ஆய்வு வேண்டும் என்று நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள். ரூஃபரின் மதிப்பீட்டையும் படங்களையும் இணையுங்கள். டெக்சஸ் காப்பீட்டுத் துறையில் புகார் கொடுக்கக் காசு கேட்கமாட்டார்கள். அதன் பிறகும் அட்ஜஸ்டர் தேவைப்பட்டால் உரிமத்தை அதே துறையில் சரிபாருங்கள். நிறுவனம் ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால், புதிதாக வரும் தொகைக்கு மட்டுமே கட்டணம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கையெழுத்திட்ட 72 மணி நேரத்துக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது.